பத்தாயிரம் சிசியில் ஒரு கனவுக் கொட்டகை

(ஜொகூர் பாருவில் தமிழ் வாசகர்கள் கூடிய மாலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் உங்களுக்குப் பிடித்த கார்களையெல்லாம் சேர்த்து ஒரு கொட்டகையில் நிறுத்தலாம் என்றால் எவற்றை நிறுத்துவீர்கள்? கார்மீது ஆசை உள்ளவர்கள் கூடுகிற எந்த இடத்திலும் இந்தப் பேச்சு எழும். பெராரி என்பார் ஒருவர், போர்ஷே என்பார் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் எல்லாருடைய பட்டியலும் ஒரே பட்டியலாகிவிடும். காசுக்குக் கணக்கில்லை என்றால் யோசிக்க வேலையும் இல்லை. அதனால்தான் இந்த விளையாட்டை ரசித்து ஆடுகிறவர்கள் விதி போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். ஐந்து கார் மட்டும், ஒரு நாட்டுக்கு ஒன்று மட்டும், ஒரே நிறம் மட்டும் என்று ஏதாவது ஒரு கட்டு. விதி வந்ததும் ஆசைகளுக்குள் போட்டி தொடங்கிவிடும். நமக்கு உண்மையில் எது வேண்டும் என்பது அந்தப் போட்டியில்தான் தெரியவரும். அந்த விளையாட்டை நம் ஜொகூரை வைத்து ஆடிக்காட்டத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இதற்கு ஜொகூரைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. வாகனப் பிரியம் இந்த மண்ணின் அரண்மனையிலேயே இருக்கிறது. 2010 முதல் ஜொகூர் சுல்தானாகவும், 2024 ஜனவரி 31 முதல் நாட்டின் 17ஆவது மாமன்னராகவும் விளங்கும் மாட்சிமை தங்கிய சுல்தான் இப்ராஹிம் அவர்களின் வாகனத் தொகுப்பில் முந்நூறுக்கு மேற்பட்ட கார்கள் உண்டு என்று செய்தி நிறுவனங்கள் எழுதுகின்றன. எனக்கு அந்த எண்ணிக்கையைவிட அவர் அவற்றை ஓட்டுகிறார் என்பதே பெரிது. ஆஸ்திரேலியாவில் தமக்கென்று கட்டச் செய்த மேக் சூப்பர் லைனர் லோரியை அவரே ஓட்டிக்கொண்டு, கெம்பாரா மக்கோத்தா ஜொகூர் பயணத்தில் மாவட்டம் மாவட்டமாகப் போய் மக்களைச் சந்தித்திருக்கிறார். இங்கே இருப்பவர்களில் பலர் சாலையோரம் நின்று பார்த்திருப்பீர்கள். 2011 ஜூன் 30 இரவு, சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து புறப்பட்ட கடைசி மலாயன் ரயிலையும் அவர்தான் ஓட்டி வந்தார். அந்தத் தண்டவாளம் வரும் ஜொகூர் பாலத்தில் 1923இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1924இல் பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. அப்போது ஜொகூரை ஆண்டவர் அவருடைய கொள்ளுத்தாத்தா சுல்தான் இப்ராஹிம். எதைச் சேர்க்கிறோம், ஏன் சேர்க்கிறோம் என்பதற்கு ஒரு குடும்பக் கதையும் ஒரு மண்ணின் கதையும் பின்னணியில் இருக்கும்போது தொகுப்புக்கு வேர் பிடிக்கிறது.

வேர் இல்லாமல் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்ஸின் முல்ஹவுஸ் நகரைப் பார்க்கலாம். அங்கே ஷ்லும்ப் சகோதரர்கள் கம்பளி ஆலை நடத்தினார்கள். தம்பி ஃபிரிட்ஸுக்கு புகாட்டி கார்கள்மேல் தீராத மோகம். எங்கே ஒரு புகாட்டி இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் கடிதம் போட்டு விலை பேசுவார். 1960களில் அமெரிக்காவிலிருந்த ஒரு தொகுப்பை, முப்பது புகாட்டிகளோடு, மொத்தமாக வாங்கினார். எல்லாவற்றையும் ஆலைக்குள் பூட்டியே வைத்திருந்தார். 1976இல் ஆலைகள் நொடித்தன. வேலை இழந்த தொழிலாளர்கள் 1977இல் உள்ளே புகுந்தபோது நானூறுக்கும் மேற்பட்ட கார்கள் பளபளவென்று வரிசையாக நின்றன. நூறுக்கு மேல் புகாட்டி. தங்கள் கூலி எங்கே போனது என்று அவர்களுக்குப் புரிந்தது. கதவைத் திறந்து ஊராரை உள்ளே விட்டுக் காட்டினார்கள். அந்தத் தொகுப்பு 1982இல் அருங்காட்சியகமாயிற்று. இன்று உலகத்தின் மிகப் பெரிய கார் அருங்காட்சியகங்களில் அதுவும் ஒன்று. அதைப் பற்றி எப்போது படித்தாலும் என் மனம் கார்களிடம் போவதில்லை. கதவைத் திறந்த அந்தத் தொழிலாளர்களிடம்தான் போகிறது.

அதனால் என் கொட்டகைக்கு நான் போட்டிருக்கும் விதிகளில் தொழிலாளருக்கு இடம் இருக்கிறது. விதிகளைச் சொல்லிவிடுகிறேன்.

நிறுத்துகிற வண்டிகளின் எஞ்சின் அளவு எல்லாம் கூட்டிப் பத்தாயிரம் சிசியைத் தாண்டக்கூடாது. ஏன் சிசி என்றால், நாம் இந்த நாட்டில் காரை அளக்கிற அளவுகோல் அதுதான். தீபகற்பத்தில் ஆயிரம் சிசிக்குள் என்றால் ஆண்டுக்கு 20 வெள்ளி சாலை வரி, 1,600 வரை என்றால் 90 வெள்ளி. மூவாயிரத்தைத் தாண்டினால் 2,130 வெள்ளியில் தொடங்கி, கூடுகிற ஒவ்வொரு சிசிக்கும் நாலரை வெள்ளி. ஐயாயிரம் சிசி என்றால் பதினோராயிரத்துச் சொச்சம். சிசி என்றதுமே நம் வீட்டுப் பெண்கள்கூட வரவு செலவுக் கணக்கைப் போட்டுவிடுவார்கள். அடுத்த விதி, அந்த வண்டி ஜொகூர்ச் சாலையில் ஓடிய ரகமாக இருக்க வேண்டும். ஒரே பத்தாண்டிலிருந்து இரண்டு எடுக்கக்கூடாது. கடைசி விதிதான் எனக்கு உயிரானது: நம்மவர் கை அதில் பட்டிருக்க வேண்டும். ஓட்டிய கை, பழுது பார்த்த கை, கழுவிய கை, மாதத் தவணை கட்டிய கை, எதுவானாலும் சரி.

முதல் சோதனையே கடினமாக வந்தது. ஆரம்பக்காலக் கார் என்றால் போர்டு மாடல் டி வேண்டும் என்று மனம் சொல்லும். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி ஓடிய வண்டி. போர்டு நிறுவனம் 1926இலேயே சிங்கப்பூருக்கு வந்துவிட்டது. புக்கித் தீமாவில் 1941இல் அது கட்டிய தொழிற்சாலையில்தான் 1942 பிப்ரவரி 15 அன்று ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்தார்கள். மாடல் டி சட்டகத்தின்மேல் மரக்கூடு கட்டி ஏழு பேர் உட்காரும் சிறு பேருந்துகளாக அந்தத் தீவில் ஓட்டினார்கள். இத்தனை வரலாறு உண்டு. ஆனால் 2,896 சிசி. அதை உள்ளே விட்டால் என் பட்டியல் பதினோராயிரத்து எண்ணூற்றுச் சொச்சத்துக்குப் போய்விடுகிறது. கணக்கைச் சரிக்கட்ட கனமான இன்னொரு வண்டியை வெளியே தள்ள வேண்டும். அந்த இன்னொரு வண்டி வெளியூர் டாக்சி. போர்டா, டாக்சியா?

டாக்சிதான். அதைப் பற்றிப் பிறகு நிறையச் சொல்லப் போகிறேன். போர்டு இருந்த இடத்தில் ஆஸ்டின் செவன் வருகிறது. 747 சிசி. 1922இல் ஹெர்பர்ட் ஆஸ்டின், பதினெட்டு வயது ஸ்டான்லி எட்ஜ் என்ற வரைவாளரைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு வரைந்த வண்டி. துரையும் தவுக்கேயும் மட்டும் காரில் போன காலத்தில், எழுத்தரும் ஆசிரியரும் மருந்தாளரும் ஏக்கத்தோடு விலை விசாரிக்கலாம் என்ற நிலைமையைக் கொண்டுவந்தவை இப்படிப்பட்ட சின்னக் கார்கள்தான்.

நாற்பதுகளுக்கு லேண்ட்ரோவர், 1,595 சிசி. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. போர் முடிந்து பிரிட்டனில் இரும்புக்குப் பஞ்சமாக இருந்ததால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதே ஆண்டு ஜூனில் இங்கே அவசரகாலம் பிரகடனமானது. லாயாங் லாயாங், ரெங்கம், குளுவாங் பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஆண்டுகளைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முள்வேலிக்குள் லயம், ஊரடங்கு, அரிசி அளந்து கொடுத்த காலம், சம்பளப் பணம் காவலோடு வந்து சேர்ந்த காலம். செம்மண் பாதையில் லேண்ட்ரோவர் சத்தம் கேட்டால் துரை வருகிறார் என்று மண்டோர் நிமிர்ந்து நிற்பார். இந்த வண்டியை அன்பால் நான் தேர்ந்தெடுக்கவில்லை. பால்மரக் காட்டில் நம் மக்கள் எந்தப் பக்கம் நின்று எதைப் பார்த்தார்கள் என்பதற்கு இது சாட்சி. அதை ஓட்டியவரும், அதன் சக்கரத்தில் ஒட்டிய சேற்றைக் கழுவியவரும் பல தோட்டங்களில் நம்மவர்தான்.

அதே காலத்து ரோல்ஸ்-ராய்ஸ் ஒன்றையும் யோசித்தேன். 1951 அக்டோபர் 6 அன்று ஃபிரேசர் மலைக்குப் போகும் வழியில் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி தம்முடைய ரோல்ஸ்-ராய்ஸில் போகும்போதுதான் சுட்டுக் கொல்லப்பட்டார். வரலாற்றில் இடம்பெற்ற வண்டி. ஆனால் நாலாயிரம் சிசிக்கு மேல், நடந்தது பகாங் எல்லைப் பக்கம், நம் விதி எதற்கும் பொருந்தாது. தள்ளிவிட்டேன்.

ஐம்பதுகளுக்கு மோரிஸ் மைனர் ஆயிரம், 948 சிசி. இதற்கு வாக்குவாதமே வேண்டாம். பிரிட்டனில் பத்து லட்சம் எண்ணிக்கையை எட்டிய முதல் கார் இதுதான். கிட்டப்போய்ப் பார்த்தவர்களுக்கு அதன் சிக்னல் நினைவிருக்கும்: கதவுத் தூணிலிருந்து டக்கென்று ஒரு சின்னக் கை வெளியே நீளும், உள்ளே மஞ்சள் விளக்கு எரியும். சில சமயம் மழையில் சிக்கிக்கொண்டு திரும்பாது. ஓட்டுகிறவர் ஜன்னல் வழியே கையை விட்டுத் தூணில் ஒரு தட்டுத் தட்டுவார். நம் பெற்றோர் காலத்துக் கல்யாணப் படங்களில், வாழைமரத்துக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் முகப்பில் மாலை போட்டு நிற்கிற கார் பெரும்பாலும் இந்த ரகம்தான். இரவல் வாங்கியதாகவே இருக்கும். இருந்தால் என்ன, மாலை போட்டார்கள் அல்லவா.

இப்போது டாக்சிக்கு வருகிறேன். அறுபதுகளின் மெர்சிடிஸ் 190 டி, 1,988 சிசி டீசல், பின்பக்கம் மீன்துடுப்புப்போல இரண்டு முனை நிமிர்ந்த வண்டி. ஜெர்மனியில் வசதியானவர் வாங்கிய காரை இந்த நாட்டில் நாம் பங்கு போட்டு ஏறினோம். டாக்சி நிலையத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும். நாலு பேர் சேர்ந்தால் கிளம்பும். மூன்று பேர்தான் சேர்ந்தார்கள் என்றால் காத்திருக்க வேண்டும், அல்லது நாலாவது ஆளின் காசை மூவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். அந்த நாலு பேரும் யார் யாராகவும் இருப்பார்கள். சிகாமட் போகிற சீனத் துணிக்கடைக்காரர், லாபிசில் இறங்குகிற மலாய் ஆசிரியை, கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்மாவை அழைத்துப் போகிற நம் தோட்டத்துப் பையன். அறிமுகம் இல்லாதவர்கள் முழங்கால் முட்ட உட்கார்ந்து, கூலாயும் ஆயர் ஹீத்தாமும் யோங் பெங்கும் தாண்டி, ஒருவர் கொடுத்த ஆரஞ்சைப் பழைய சாலையில் உரித்துத் தின்று, பாதி நாளை ஒன்றாகக் கழித்தார்கள். 1994இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்ததும் பயணம் சுருங்கியது. பெரிய பேருந்துகள் வந்தன. அந்த நால்வர் உட்கார்ந்த இருக்கையும் போயிற்று.

அந்த வண்டியைக் கிளப்புவதே தனி வித்தை. டீசல் எஞ்சின் குளிர்ந்திருந்தால் உடனே பற்றாது. டாஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கும். அதை முதல் தடவைக்குக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் சிறு துளைக்குள் ஒரு கம்பிச்சுருள் மெல்லச் சிவக்கும். அது நன்றாகச் சிவந்த பிறகுதான் குமிழை மிச்சமும் இழுக்கலாம். எஞ்சின் முக்கி, உதறி, கருப்பாக ஒரு புகை விட்டு எழும். அவசரப்பட்டு இழுத்தால் எழாது. விடியற்காலை ஐந்து மணிக்கு டாக்சி நிலையத்தில் அந்தச் சிவப்புச் சுருளைப் பார்த்துக்கொண்டு விரல் அசையாமல் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களில் எத்தனை பேர் நம்மவர்! ஓட்டுநர் உரிமமும் டாக்சி உரிமமும் வைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, அந்த ஒரே எஞ்சினைப் பிரித்துப் பிரித்துப் பூட்டி லட்சக்கணக்கான மைல் ஓட்டினார்கள். ஒரு ஊரின் கார்த் தொகுப்பில் முதல் இடம் எதற்கு என்று யார் என்னைக் கேட்டாலும் இந்த வண்டிக்குத்தான் என்பேன். ரோல்ஸ்-ராய்ஸைப் பாதுகாக்க ஆள் உண்டு. டாக்சி ஓடித் தேய்ந்து இரும்புக்கடைக்குப் போய்விடுகிறது. அதைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஓட்டியவரை மறக்காத இடமும் உண்டு: கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு பெயரால் 2015இல் கார் அருங்காட்சியகம் திறந்தார்கள். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கியவர் அவர். ஓட்டிப் பிழைத்தவரின் பெயரில் கார்கள் நிற்பது சரியான பொருத்தம்.

எழுபதுகளுக்கு டாட்சன் 120 ஒய், 1,171 சிசி. கையில் கரி படிய வேலை கற்றுக்கொண்ட பையன்களின் பள்ளிக்கூடம் அதன் எஞ்சின். பானட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். கார்பரேட்டரைச் செருப்புக் கடைப் பழைய பிரஷ்ஷால் கழுவிப் பூட்டலாம். தம்போயில் ஓரியன்டல் அசெம்பிளர்ஸ் கார்களைப் பூட்டிய காலமும் உண்டு. தோட்டத்தை விட்டு ஜொகூர் பாருவுக்கு வந்த தலைமுறை கார்களைப் பற்றித் தெரிந்துகொண்டது ஒர்க்‌ஷாப்பிலும் தொழிற்சாலையிலும்தான்.

எண்பதுகளுக்கு எது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். புரோட்டோன் சாகா, 1985 ஜூலை 9 அன்று அறிமுகமானது. மிட்சுபிஷியின் 1,298 சிசி எஞ்சின். முதல் வண்டி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாகாவைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. ஜன்னல் கண்ணாடி ஏறாது, பூட்டு மக்கர் பண்ணும் என்பார்கள். ஆனாலும் வங்கியில் தவணைக்குக் கையெழுத்துப் போட்டு, முன்னிருக்கை பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டிய அந்த முதல் கார் எத்தனை தமிழ்க் குடும்பங்களுக்குச் சாகாவாக இருந்தது!

இத்தோடு 7,747 சிசி ஆயிற்று. மீதி 2,253. இங்கேதான் இளையவர்களோடு எனக்குச் சண்டை வரும். புரோட்டோன் 1996இல் லோட்டஸை வாங்கியது. அதன் கைவண்ணம் பட்ட சத்ரியா ஜிடிஐ வேண்டும் என்பார்கள். 1,834 சிசி. அதை நிறுத்தினால் வேறு எதற்கும் இடமில்லை. அதற்குப் பதில் நான் இரண்டு வண்டி எடுக்கிறேன்: 1994இன் பெரோடுவா கஞ்சில், 659 சிசி, 2005இன் மைவி, 1,298 சிசி. பாசிர் கூடாங் ஓட்டப்பந்தயத் தளத்தில் 1998இல் உலக மோட்டார்சைக்கிள் போட்டியே நடந்தது; வேகத்தின் அருமை ஜொகூர்க்காரருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கஞ்சில் செய்தது வேறு எந்தக் காரும் செய்யாதது. நம் பெண்கள் தங்கள் பெயரில் வாங்கி, தாங்களே ஓட்டிய கார் அது. தாதியரும் தொழிற்சாலை இரவு வேலைக்காரரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியைகளும் பேருந்துக்குக் காத்து நின்ற காலத்தை அந்தச் சின்ன வண்டி முடித்துவைத்தது. சாலை வரி 20 வெள்ளி. அண்ணன் எப்போது வருவான், கணவர் எப்போது கூட்டிப்போவார் என்று கேட்க வேண்டியதில்லை. இதற்கு முன்னால் ஜிடிஐயின் வேகம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மைவியைப் பற்றி நீட்டவில்லை. கீழே இறங்கிக் கார் நிறுத்துமிடத்தைப் பாருங்கள், போதும்.

இந்த விளையாட்டைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், விளையாட்டாக ஆட முடியாது. 1990 மே முதல் அங்கே கார் வைத்துக்கொள்ளவே உரிமைச் சான்றிதழ் ஏலத்தில் எடுக்க வேண்டும், அது பத்தாண்டுக்குத்தான். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் ஒன்றரை லட்சம் சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டது. சின்னத் தீவு, சாலை நெரிசல், அவர்களுக்கு அது தேவைதான். ஆனால் பத்தாண்டில் கழிகிற ஊரில் கார் முதுமை காண்பது அரிது. இங்கே இருபது வயது கஞ்சிலும் நாற்பது வயது சாகாவும் இன்னும் காய்கறி ஏற்றிக்கொண்டு போகின்றன. அந்த வகையில் ஜொகூர்ச் சாலையே ஒரு தொகுப்பு.

கூட்டிப் பார்த்தால் 9,704. மீதி 296 சிசி. அதில் கார் எதுவும் நுழையாது. ஆனால் விதியில் ‘வண்டி’ என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஹோண்டா சி70 கப்சாய், 72 சிசி. விடியுமுன் பால்வெட்டுக்குப் போனவர்களும், பின்னால் பெட்டி கட்டி ரொட்டி விற்றவர்களும், முன்னால் ஒரு பிள்ளை பின்னால் ஒரு பிள்ளை என்று பள்ளிக்குக் கொண்டுபோன அப்பாக்களும் ஓட்டியது. ஒரே பத்தாண்டில் இரண்டு கூடாது என்பதை இதற்காக மட்டும் தளர்த்துகிறேன். கொட்டகை வாசலில், வெயில் படாத பக்கமாக அதற்கு இடம்.

இரண்டு சிக்கல் மிச்சம் இருக்கின்றன. தீர்வை உங்களிடம் விடுகிறேன். 2010களுக்கு என் பட்டியலில் வண்டியே இல்லை. 2014இன் ஆக்சியாவை எடுக்கலாம் என்றால் 998 சிசி. எதையாவது வெளியேற்ற வேண்டும். மோரிஸ் மைனரை என்னால் வெளியேற்ற முடியாது. அடுத்தது மின்சாரக் கார். 2024 டிசம்பரில் புரோட்டோன் இ.மாஸ் 7 வந்துவிட்டது. அதற்குச் சிசியே கிடையாது. என் விதிப்படி அதை எத்தனை வேண்டுமானாலும் நிறுத்தலாம். விதி அங்கே உடைந்துபோகிறது. அரசாங்கமும் மின்சாரக் காருக்குச் சாலை வரியைக் கிலோவாட்டில்தான் கணக்கிட வேண்டியிருக்கிறது. அந்தக் காரில் நம்மவர் கை எங்கே படும்? கார்பரேட்டர் இல்லை, கழற்றிப் பார்க்க எஞ்சின் இல்லை. தம்போய், மாசாய் ஒர்க்‌ஷாப்களில் இன்று ஸ்பேனர் பிடிக்கிற தம்பிகளுக்கு பேட்டரி வேலையைக் கற்றுத்தர தொழிற்பயிற்சிக் கல்லூரிகளில் இடம் வேண்டும், பெற்றோர் அதற்கு அனுப்ப மனம் வைக்க வேண்டும். இந்தக் கூட்டத்தில் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். அதைப் பற்றி நீங்கள் பேசுவதைக் கேட்கத்தான் எனக்கு ஆசை. ஒலிவாங்கியை அந்தப் பக்கம் கொடுங்கள். பேசுகிறவர் தம் விதியை முதலில் சொல்லிவிட்டு, பிறகு பட்டியலைச் சொல்லட்டும்.